கல்லூரி விரிவுரையாளர் இன்டர்வியூ: இருபது நிமிட டெமோ வகுப்புக்கு எதை எடுப்பது?

அலைநீளம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இயற்பியலில் முனைவர் பட்டம் முடித்திருக்கிறேன், வாய்மொழித் தேர்வும் ஆகிவிட்டது. இப்போது ஒரு இளநிலைக் கல்லூரியிலிருந்து விரிவுரையாளர் பணிக்கு நேர்காணல் அழைப்பு வந்திருக்கிறது. முதலில் இருபது நிமிட டெமோ வகுப்பு, தலைப்பு என் விருப்பம். முதலாண்டு மாணவர்கள் சிலரை உட்கார வைப்பார்களாம், பின் வரிசையில் தேர்வுக் குழு. அது முடிந்ததும் குழுவோடு தனியாகக் கேள்வி பதில்.

என் ஆய்வு பெரோவ்ஸ்கைட் என்ற வகைப் படிகப் பொருளால் செய்யும் சூரிய மின்கலங்கள் பற்றியது. வாய்மொழித் தேர்வுக்குச் செய்த ஸ்லைடுகள் கைவசம் இருக்கின்றன. பாதியை வெட்டி அதையே டெமோவாக எடுத்துவிடலாமா என்று தோன்றுகிறது. எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம், தடுமாற மாட்டேன். முதலாண்டுப் பாடம் எடுத்தால் ரொம்பச் சுலபமாக இருந்து, "இவ்வளவுதானா இந்தப் பெண்" என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது.

வகுப்பு எடுத்த அனுபவம் என்றால், ஆய்வகத்தில் இளையவர்களுக்குச் சோதனை சொல்லிக்கொடுத்தது மட்டும்தான். அதை அனுபவம் என்று சொல்லலாமா? அப்புறம் "ஏன் ஆசிரியப் பணிக்கு வருகிறீர்கள்?" என்று கட்டாயம் கேட்பார்கள். அதற்கு எழுதி வைத்திருக்கும் பதில் "இளைய தலைமுறையை உருவாக்கும் உன்னதப் பணி" என்று தொடங்குகிறது. படித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

பேனலில் இருந்தவர்கள், சமீபத்தில் இன்டர்வியூ போனவர்கள் யாராவது சொல்லுங்களேன்.


ஓம்விதி எழுதியது:

மற்றதைப் பெரியவர்கள் சொல்வார்கள், நான் சாமான்களைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். ஸ்லைடு வைத்திருந்தால் பிடிஎஃப் ஆகவும் ஒரு பிரதி பென்டிரைவில் இருக்கட்டும். அங்கே இருக்கும் கணினியில் தமிழ் எழுத்துருவும் இருக்காது, சமன்பாடும் உடைந்து கிடக்கும். இரண்டு நிறத்தில் மார்க்கர் கொண்டுபோங்கள், அங்கே இருப்பது காய்ந்திருக்கும். ப்ரொஜெக்டர் வேலை செய்யாவிட்டால் போர்டிலேயே நடத்த முடிகிற மாதிரி பாடத்தைத் தயார் செய்யுங்கள். கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். நேரம் பார்க்க போனை எடுத்தால் நன்றாக இருக்காது.


டஸ்டர் எழுதியது:

துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நிறையப் பேரைப் பார்த்தாயிற்று. நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரோவ்ஸ்கைட்டை டெமோவில் எடுக்க வேண்டாம்மா. உங்கள் ஆய்வைப் பற்றி எப்படியும் பேனலில் கேட்பார்கள், அங்கே வைத்துக்கொள்ளலாம். முதலாண்டுப் பிள்ளைகள் முன்னால் ஆற்றல் பட்டை இடைவெளி என்று ஆரம்பித்தால் இரண்டாவது நிமிடமே அவர்கள் மனதளவில் எழுந்து போய்விடுவார்கள். பின் வரிசையில் இருக்கும் நாங்கள் உங்களைப் பார்ப்பதைவிட அந்தப் பிள்ளைகளைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருப்போம். உங்களுக்கு விஷயம் தெரியும் என்பதற்குப் பட்டம் இருக்கிறது. தெரியாதவரோடு உட்கார்ந்து பேசத் தெரியுமா என்று பார்க்கத்தான் டெமோ.

சுலபமான பாடம் எடுத்தால் குறைவாக நினைப்பார்கள் என்ற பயம் அநேகமாக எல்லோருக்கும் இருக்கிறது. நான் சொல்கிற ஒன்றை எடுத்துப் பாருங்கள்: நியூட்டனின் மூன்றாம் விதி. ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்று பள்ளியிலேயே ஒப்பித்த வரி. இப்போது பிள்ளைகளிடம் கேளுங்கள்: நின்றுகொண்டிருக்கும் ஒரு சின்னக் காரின் மேல் பெரிய லாரி ஒன்று வந்து மோதுகிறது. லாரி காரின் மேல் செலுத்தும் விசை பெரியதா, கார் லாரியின் மேல் செலுத்தும் விசை பெரியதா, இரண்டும் சமமா? விதியை வரி பிசகாமல் சொன்ன பிள்ளையே "லாரி" என்று கை தூக்கும். மதிப்பெண் நிறைய வாங்கிய பிள்ளையும் தூக்கும். இது நான் கண்டுபிடித்ததில்லை. 1992-இல் ஹெஸ்டனஸ், வெல்ஸ், ஸ்வாக்ஹாமர் என்ற மூவர், விசை பற்றிய அடிப்படைப் புரிதலைச் சோதிக்க ஒரு வினாத் தொகுப்பு வெளியிட்டார்கள். அதில் கணக்குப் போடவே வேண்டாம், எல்லாம் அன்றாட மொழியில் இருக்கும். லாரியும் காரும் மோதும் கேள்வி அதில் உண்டு. ஹார்வர்டில் பாடம் நடத்திய எரிக் மசூர் இந்த வகைச் சோதனையைத் தம் வகுப்பில் கொடுத்தபோது, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி பதில் எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்று மாணவர் ஒருவர் கேட்டாராம். அவரே பல மேடைகளில் சொன்னது. அதற்குப் பிறகுதான் அவர் தம் வகுப்பு நடத்தும் முறையையே மாற்றினார்.

ஆக, சுலபமான பாடத்துக்குள்ளேயே வழுக்குகிற இடம் எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறதா என்பதுதான் எங்களுக்கு வேண்டும்.

கேள்வியைக் கேட்டதும் வாயை மூடிக்கொள்ளுங்கள். கேலியாகச் சொல்லவில்லை, டெமோவில் இதுதான் மிகக் கஷ்டமான வேலை. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்ட பிறகு சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அப்புறம் தாங்களே பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதை மூன்று வினாடியாக்கியபோது மாணவர்களின் பதில் நீண்டது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று வினாடி கேட்பதற்கு ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். தேர்வுக் குழு பார்த்துக்கொண்டிருக்கும்போது அது எவ்வளவு நீளம் என்பது உங்களுக்கே தெரியும். கேள்வி கேட்டுவிட்டு, பதிலையும் தானே சொல்லிவிட்டு, "புரிந்ததா?" என்று கேட்டு, "ம்" வந்ததும் அடுத்த ஸ்லைடுக்குப் போன வேட்பாளர்கள் அநேகம். அந்த "ம்" ஒரு பதிலே இல்லை.

கை தூக்கச் சொல்லி எண்ணிக்கையைப் போர்டில் எழுதுங்கள். பக்கத்திலிருப்பவரிடம் ஒரு நிமிடம் விவாதிக்கச் சொல்லுங்கள். மறுபடி கை தூக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு எண்களுக்கு வாருங்கள். லாரி 10,000 கிலோகிராம், கார் 1,000 கிலோகிராம். லாரி வினாடிக்கு 22 மீட்டர் வேகத்தில் வந்து மோதி, இரண்டும் ஒட்டிக்கொண்டு நகர்கின்றன. மொத்த உந்தம், அதாவது நிறை பெருக்கல் வேகம், 2,20,000. மொத்த நிறை 11,000. வகுத்தால் வினாடிக்கு 20 மீட்டர். லாரியின் வேகம் 2 மீட்டர் குறைந்தது, காரின் வேகம் 20 மீட்டர் கூடியது. நிறையால் பெருக்கிப் பாருங்கள், இரண்டு பக்கமும் 20,000. உந்த மாற்றம் சமம், மோதிய நேரமும் ஒன்றே, அப்படியென்றால் விசையும் சமம். கார் ஏன் நசுங்கியது? அதே விசை பத்தில் ஒரு பங்கு நிறையின் மேல் விழுந்ததால் அதன் முடுக்கம் பத்து மடங்கு. பிள்ளைகள் "விசை" என்று நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் விளைவை. இந்த 22-ஐ நான் சும்மா எடுக்கவில்லை, போர்டில் தசமம் வராமல் முழு எண்ணாக வகுபடும். டெமோவில் கணக்குப் போடுகிறவர்கள் விடை 18.18 என்று வரும் எண்களை எடுத்துக்கொண்டு வந்து, அந்தத் தசமத்தோடு மல்லுக்கட்டும்போது பாடத்தைத் தொலைத்துவிடுவார்கள்.

இவ்வளவுதான் பாடம். இருபது நிமிடத்துக்கு இது தாராளம். முடுக்கம், வேகம், மூன்று விதிகள், ராக்கெட் என்று எல்லாவற்றையும் அடைக்காதீர்கள். பதினெட்டாவது நிமிடத்தில் முடித்துவிட்டு நின்றால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. இருபத்தைந்தாவது நிமிடத்திலும் பேசிக்கொண்டிருந்தால் எங்களில் ஒருவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவார், அது யாருக்கும் நன்றாக இருக்காது.

குழுவில் ஒருவர் மாணவர் மாதிரி கை தூக்கி வேண்டுமென்றே குழப்பமான கேள்வி கேட்பார். நானே கேட்டிருக்கிறேன். மேசை மேல் புத்தகம் இருக்கிறது, பூமி அதைக் கீழே இழுக்கிறது, மேசை மேலே தள்ளுகிறது, இரண்டும் சமம், எதிரெதிர்த் திசை. அப்படியானால் இவைதானே வினையும் எதிர்வினையும்? பட்டம் வாங்கியவர்களில் பலர் இங்கே தலையாட்டிவிடுவார்கள். இரண்டு விசையும் ஒரே புத்தகத்தின் மேல் செயல்படுகின்றன, அதனால் இவை மூன்றாம் விதியின் ஜோடி ஆகாது. பூமி புத்தகத்தை இழுப்பதற்கு ஜோடி, புத்தகம் பூமியை இழுப்பது. மேசை புத்தகத்தைத் தள்ளுவதற்கு ஜோடி, புத்தகம் மேசையை அழுத்துவது. புத்தகத்தின் மேல் இருக்கும் இரண்டும் சமமாக இருப்பதற்குக் காரணம், புத்தகம் அசையாமல் இருக்கிறது என்பது மட்டும். அதையே லிஃப்டில் வைத்து மேல்நோக்கி முடுக்கினால் அந்தச் சமம் போய்விடும், மூன்றாம் விதி போகாது. இந்த லிஃப்ட் வரியைத் தயாராக வைத்திருங்கள். கேட்டவருக்கு முகம் மலரும்.

இதோடு பிறந்த இன்னொரு கேள்வி: எல்லா விசைக்கும் சமமான எதிர்விசை உண்டென்றால் எதுவும் எப்படி நகரும்? பதில் ஒரே வரி. அவை இரண்டும் வெவ்வேறு பொருள்களின் மேல் செயல்படுவதால் ஒன்றையொன்று ரத்து செய்வதில்லை. பதில் சொல்வதற்கு முன் "நல்ல கேள்வி" என்று சொல்ல வேண்டாம், எல்லோரும் சொல்கிறார்கள். கேள்வியை உங்கள் வார்த்தையில் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள், அது போதும்.

இனி ஆய்வு. குழுவில் முதல்வர் இருப்பார், அவர் வரலாறோ வணிகவியலோ படித்தவராக இருக்கலாம். இரண்டு நிமிடத்தில் அவருக்குச் சொல்ல வேண்டும். பெரோவ்ஸ்கைட் என்பது 1839-இல் யூரல் மலையில் கண்டெடுத்த ஒரு கனிமத்தின் பெயர், அதே படிக அமைப்பு உள்ள பொருள்களை எல்லாம் இப்போது அப்படி அழைக்கிறார்கள், 2009-இல் ஜப்பானில் மியாசாகாவின் குழு அதைச் சூரிய மின்கலத்தில் பயன்படுத்தியபோது ஒளியை மின்சாரமாக்கும் திறன் 3.8 சதவீதம், இன்று ஆய்வகங்களில் 25 சதவீதத்தைத் தாண்டியாயிற்று, ஆனால் ஈரம் பட்டால் கெட்டுப்போகிறது, ஈயமும் இருக்கிறது, என் வேலை இந்தச் சிக்கலில் இன்ன இடத்தில். இவ்வளவு சொன்னால் முதல்வருக்குப் புரியும். துறைக்காரர்கள் மீதியைத் தோண்டிக்கொள்வார்கள்.

அதற்கடுத்து வருவதுதான் முக்கியமான கேள்வி. "எங்களிடம் காற்றும் ஈரமும் படாமல் வேலை செய்யும் கிளவ் பாக்ஸ் கிடையாது, வெற்றிடத்தில் மெல்லிய படலம் படிய வைக்கும் கருவி கிடையாது. இங்கே வந்து என்ன ஆய்வு செய்வீர்கள்?" இதற்குக் கருவி வாங்கித் தந்தால் செய்வேன் என்று சொன்னவர்கள் யாரையும் நாங்கள் எடுத்ததில்லை. உங்கள் துறைக்கே அழகான பதில் இருக்கிறது. மியாசாகா குழு பெரோவ்ஸ்கைட்டை முதலில் வைத்தது, ஒளியை உறிஞ்சச் சாயம் ஏற்றிய மின்கல அமைப்பில்தானே? அந்த அமைப்பை 1991-இல் ஓரீகனும் கிராட்செலும் வெளியிட்டார்கள். அதன் எளிய வடிவத்தை இளநிலை மாணவர்களே செய்யலாம். டைட்டானியம் டை ஆக்சைடு பூசிய கண்ணாடி, பழச்சாற்றின் சாயம், அயோடின் கரைசல், கார்பன் பூசிய இன்னொரு கண்ணாடி. மல்டிமீட்டர் வைத்து அளக்கலாம். வெவ்வேறு சாயத்தில் மின்னழுத்தம் எப்படி மாறுகிறது, எத்தனை நாள் தாங்குகிறது என்று ஒரு பருவம் முழுக்கப் பிள்ளைகளுக்கு வேலை இருக்கும். இதை நீங்கள் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தால், நான் அந்தப் பேனலில் இருந்தால், அப்போதே முடிவு செய்துவிடுவேன்.


இருமுனையம் எழுதியது:

டஸ்டர் அம்மா சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன், ஒரு இடத்தில் மட்டும் இல்லை. ஆய்வை முன்னால் வைக்கும் பல்கலைக்கழகத் துறையாக இருந்தால் மூன்றாம் விதி எடுபடாது. அங்கே டெமோவே ஆய்வுச் சொற்பொழிவுதான். விளம்பரத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படியுங்கள், டெமோவில் யார் உட்காருகிறார்கள் என்று அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். இவருக்கு முதலாண்டு மாணவர்கள் என்று சொல்லியிருப்பதால் பிரச்சினை இல்லை. அடுத்து இந்தத் திரியைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

என் இன்டர்வியூவில் நடந்தது. டெமோவில் கை தூக்குவது, பக்கத்தில் பேசுவது எல்லாம் செய்தேன். பேனலில் ஒருவர், "பத்துப் பேர் இருந்ததால் செய்தீர்கள், நூற்றிருபது பேர் இருந்தால்?" என்று கேட்டார். வேலை செய்யும் என்று சொல்ல ஆதாரம் இருக்கிறது. 2014-இல் ஸ்காட் ஃப்ரீமன் குழு 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், விரிவுரை மட்டும் கேட்ட மாணவர்கள் தோல்வியடையும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு அதிகம் என்று வந்தது. ஆனால் கேட்டவருக்கு ஆதாரம் தேவைப்படவில்லை, எப்படிச் செய்வேன் என்பதுதான் தேவைப்பட்டது. ஆளுக்கு நான்கு வண்ண அட்டை, ஒரு கேள்விக்கு நான்கு விடை, எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும், ஒரு வகுப்புக்கு இரண்டு கேள்விக்கு மேல் கிடையாது, பாதிப் பேருக்கு மேல் சரியாகச் சொன்னால் விவாதம் இல்லாமல் மேலே போய்விடுவேன் என்றேன். அவர் குறித்துக்கொண்டார்.

இன்னொன்று, யாரும் தயார் செய்யாமல் வரும் கேள்வி: "இன்று நடத்திய பாடத்துக்குத் தேர்வில் ஒரு கேள்வி கொடுங்கள், மனப்பாடம் செய்தவன் எழுத முடியாத கேள்வியாக." கற்றலுக்குக் கல்வியாளர் ப்ளூம் 1956-இல் சொன்ன படிநிலைகள், 2001-இல் மற்றவர்கள் அதைத் திருத்தியது என்று ஒப்பிக்க எல்லோருக்கும் தெரிகிறது. கேள்வி எழுதச் சொன்னால் "மூன்றாம் விதியை விளக்குக" என்றுதான் வருகிறது. ஒன்றிரண்டு நல்ல கேள்வி கையில் வைத்துக்கொள்ளுங்கள்.


கடைசிபெஞ்ச் எழுதியது:

நான் மாணவன். எங்கள் துறைக்கு ஆள் எடுத்தபோது டெமோவில் எங்களை உட்கார வைத்தார்கள். முடிந்ததும் படிவம் கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள், எல்லா இடத்திலும் கேட்பார்களா தெரியாது. எங்களுக்குப் பிடித்தவர் ரொம்ப மெதுவாக நடத்தினார். நான் தப்பாகப் பதில் சொன்னேன், அவர் "ஏன் அப்படித் தோன்றுகிறது?" என்று கேட்டு நான் சொன்னதைப் போர்டில் எழுதினார், அழிக்கவில்லை. கடைசியில் அதற்கே திரும்பி வந்தார். இன்னொருவர் எங்களைப் பார்க்காமல் பின்னால் இருந்த பேனலையே பார்த்துப் பேசினார். நாங்கள் அங்கே இல்லாத மாதிரி இருந்தது. படிவத்தில் எல்லோரும் அதைத்தான் எழுதினோம்.

எழுத்து சின்னதாக இருந்தால் பின்னால் தெரியாது மேடம். போர்டின் கீழ்ப்பாதியில் எழுதினாலும் முன்னால் இருப்பவன் தலைதான் தெரியும்.


அலைநீளம் எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மூன்றாம் விதி என்று முடிவு செய்துவிட்டேன். தோழி ஒருத்தியை உட்கார வைத்து நடத்திப் பார்த்தேன். லாரிதான் என்று அடித்துச் சொன்னாள், அவளும் இயற்பியல்தான்! அந்தப் புத்தகம்–மேசைக் கேள்வியில் நானும் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னேன் என்பதை இங்கே மட்டும் சொல்லிக்கொள்கிறேன். சாய மின்கலம் பற்றி ஒரு பக்கத் திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

டஸ்டர் அம்மா, மூன்று விஷயம் பாக்கி இருக்கிறது. "ஏன் ஆசிரியப் பணி?" என்பதற்கு என்ன சொல்வது? "நல்ல ஆய்வு வாய்ப்பு வந்தால் விட்டுவிட்டுப் போய்விடுவீர்களா?" என்று கேட்டால்? தெரியாத கேள்விக்குத் "தெரியாது" என்று சொல்லலாமா?


டஸ்டர் எழுதியது:

கடைசிபெஞ்ச் தம்பி எழுதியதை நீங்கள் இரண்டு முறை படியுங்கள். நான் அவ்வளவு நீளமாக எழுதியதைவிட உபயோகமானது.

உன்னதப் பணியை அழித்துவிடுங்கள். அந்த வரியைச் சொல்லாத வேட்பாளரே கிடையாது, எங்கள் காதில் அது விழுவதே இல்லை. ஆய்வகத்தில் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்றீர்களே, அதில் ஒரு நாள், ஒரு பிள்ளை, ஒரு கருவி. என்ன புரியாமல் நின்றது, நீங்கள் என்ன மாற்றிச் சொன்னீர்கள், பிறகு என்ன நடந்தது. ஒரு நிமிடத்தில் முடிகிற மாதிரி சொல்லுங்கள். "அது எனக்குப் பிடித்திருந்தது, அதனால் வந்தேன்" என்று நிறுத்திவிடுங்கள். அனுபவக் கேள்விக்கும் அதுவே பதில். ஆய்வகத்தில் சொல்லிக்கொடுத்ததை வகுப்பு எடுத்தேன் என்று பெரிதாக்க வேண்டாம், குறைத்துச் சொல்லவும் வேண்டாம். ஒரு பிள்ளை மல்டிமீட்டரைத் தப்பாக இணைத்துவிட்டு முழிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவருக்குக் கரும்பலகை முன்னால் மட்டும் நின்றவரைவிட நிறையத் தெரியும்.

விட்டுவிட்டுப் போவீர்களா என்று கேட்டால், சத்தியம் செய்யாதீர்கள். கேட்பவருக்கும் தெரியும், சத்தியம் நிற்காது. அவர் உண்மையில் கேட்பது, இங்கே இருக்கும்போது மனசு இங்கே இருக்குமா என்பது. முதல் இரண்டு ஆண்டில் எந்தெந்தப் பாடம் எடுக்க விரும்புகிறீர்கள், அந்த மின்கல வேலையை எந்தப் பருவத்தில் தொடங்குவீர்கள் என்று சொல்லுங்கள். அதற்கு அவர்களின் பாடத்திட்டத்தை முன்கூட்டியே படித்திருக்க வேண்டும். கல்லூரி இணையதளத்தில் பெரும்பாலும் இருக்கும். அதைப் படிக்காமல் வருபவர்கள்தான் அதிகம், எனக்கு அது இன்றுவரை விளங்கவில்லை.

"தெரியாது" என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். எதுவரை தெரியும், எங்கே விட்டுப்போகிறது, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று இரண்டு வரி. ஒருவர் சுற்றிச் சுற்றிப் பேசினால் கேட்டவர் விடமாட்டார், மேலும் இரண்டு கேள்வி அதிலேயே போடுவார், நேரம் அதிலேயே போகும்.

கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். இல்லை என்று சொல்ல வேண்டாம். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு, அதில் ஆய்வகம் எவ்வளவு, முதலாண்டு இயக்கவியலை இப்போது யார் நடத்துகிறார்கள், புதிதாக வருபவர் பாடத்தில் மாற்றம் செய்ய இடம் உண்டா. இதெல்லாம் உங்களுக்கே தெரிய வேண்டியவை. சம்பளத்தை வேலை தருகிறோம் என்று சொன்ன பிறகு கேட்டுக்கொள்ளலாம்.


ஓம்விதி எழுதியது:

ஒரு சந்தேகம் அம்மா. உந்தம் மாறாது என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். சாலையில் உராய்வு இருக்கிறதே? பேனலில் எவராவது அதைப் பிடித்துக்கொண்டால்?


டஸ்டர் எழுதியது:

பிடிப்பார்கள், நல்ல கேள்வி. (பார்த்தீர்களா, நானே சொல்லிவிட்டேன்.)

மோதல் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். காரின் உந்தம் 20,000 மாற வேண்டும் என்றால் சராசரி விசை 2,00,000 நியூட்டன். ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தியிருந்தாலும் 1,000 கிலோ காருக்குச் சாலை தரக்கூடிய உராய்வு 10,000 நியூட்டனை ஒட்டித்தான் இருக்கும். மோதல் நேரத்துக்குள் அதை விட்டுவிடலாம். மோதி முடிந்த பிறகு இரண்டும் உருண்டு நிற்பது உராய்வால்தான், அது வேறு கணக்கு. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: உராய்வு எவ்வளவு இருந்தாலும் மூன்றாம் விதிக்கு ஒன்றும் ஆகாது, 22 என்பது 20 ஆகும் கணக்குதான் கொஞ்சம் மாறும்.

ஆனால் லாரி கனமானது. ஓட்டுநர் முழு பிரேக் அடித்தபடியே மோதினால் அதன் சக்கரங்களில் உராய்வு 1,00,000 நியூட்டன் பக்கம் போகலாம், அதை விட்டுவிட முடியாது. அதனால் அலைநீளம், கேள்வியைப் போர்டில் எழுதும்போதே "லாரி ஓட்டுநர் பிரேக் போடவில்லை" என்று ஒரு வரி சேர்த்து எழுதிவிடுங்கள்.